வட்டம் விழாத தட்டு

மூன்றாவது தடவையாக மேஸ்திரியைப் பின்வாசல் குழாயில் கட்டிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தாள். அவளுக்கு முன்னாலேயே அந்த நாய் அங்கே வந்து நின்றிருந்தது. யாரோ பாவம் பார்த்து மறுபடியும் அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

கூடத்தின் நடுவில் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். சுற்றிலும் நாற்காலிகள். மேஸ்திரி ஒவ்வொரு நாற்காலியாகப் போய்த் தலையைக் கொடுத்தது. உட்கார்ந்திருந்தவர்கள் தடவினார்கள், காதைச் சொறிந்துவிட்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் அதே கையால் டீ டம்ளரை எடுத்துக் குடித்தார்கள்.

"யாரு அவுத்து விட்டது?" என்று கேட்டாள்.

"நான்தான்டி," என்றாள் அத்தை. அப்பாவின் கூடப்பிறந்தவள், அழுது அழுது குரல் போயிருந்தது. "வாயில்லா ஜீவன். அதுக்கு மட்டும் துக்கம் இருக்காதா? எங்கண்ணன் மடியில வளந்தது."

"கடிச்சிடும் அத்தை."

"இதா? திருடன் வந்தா டார்ச் அடிச்சு வழி காட்டும். போடி."

நாலு பேர் மெல்லச் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிப்புக்கு ஒரு பஞ்சம் இருக்கும், கிடைத்தால் விடமாட்டார்கள். அவளும் சிரித்தாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு மேஸ்திரியின் கழுத்துப் பட்டையைப் பிடித்தாள். அது நகரவில்லை. பெட்டியின் கால்மாட்டுக்குப் போய், அப்பாவின் வலது பாதம் இருக்கும் இடத்தில் கண்ணாடியை நக்கியது. நிதானமாக, தினசரி வேலை மாதிரி நக்கியது. கண்ணாடியில் ஈரம் பட்டையாகப் படிந்தது.

"பாருங்க, கடைசியாக் கால்ல விழுது," என்றார் எதிர்வீட்டு டீச்சர். மறுபடியும் எல்லாரும் அழுதார்கள்.

அப்பா முப்பத்தொரு வருடம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும். அந்த ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். காரை விட்டு இறங்கினாலும் அந்தக் கால் சும்மா இருக்காது. டிவியில் யாராவது மாடியிலிருந்து விழுந்தால் பிரேக் போடும். அம்மா தன் தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் பிரேக் போடும். ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிய பிறகும், மூன்று நாள், போர்வைக்குள் அந்தப் பாதம் எதையோ நிறுத்தப் பார்த்து அழுத்திக்கொண்டே இருந்தது. நர்ஸ்கள் அதைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

புதுச் செருப்புக் கடித்து அந்தப் பாதத்தில்தான் புண் வந்தது. வீட்டில் அவருக்கும் சர்க்கரை, அம்மாவுக்கும் சர்க்கரை. ஆறவில்லை. சாயங்காலம் அவர் காலை நீட்டி உட்காருவார், மேஸ்திரி வந்து புண்ணுக்குப் போட்ட துணிக்கட்டை மோந்து பார்த்து, ஓரத்தை விலக்கி, நக்கும்.

"மேஸ்திரி டூட்டிக்கு வந்துட்டான்," என்பார். "டாக்டருக்குக் குடுக்கறத இவனுக்குப் பிஸ்கட்டா வாங்கிப் போட்டா போதும்."

குட்டியாக வந்தபோது வீட்டுச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். மணல் குவியல் மேல் உட்கார்ந்து நாள் முழுக்க வேலையைப் பார்த்ததால் மேஸ்திரி என்று பேர். அதற்கு இடது காதில் இரண்டு வருடமாகச் சீழ். கால்நடை டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதுவார். மூன்றாம் நாள் நாற்றம் போய்விடும். "பாவம், முழுங்க எவ்வளவு கஷ்டப்படுது, போதும் விடு," என்பாள் அம்மா. மிச்ச மாத்திரை வெண்ணெய் பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மிச்சப்பட்டது அந்த டப்பாவுக்குள்தான் போகும். அடுத்த தடவை காது நாறும்போது டாக்டரிடம் போகிற சோம்பலில் டப்பாவைத் திறந்து, ஒன்றைப் பாதியாக உடைத்து, பொடித்துச் சோற்றில் பிசைந்து வைத்தது அவள்தான். அப்பாவின் புண்ணுக்கும் டப்பாவிலிருந்து மூன்று நாளைக்கு எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், பதினெட்டு வருடமாக அவள் ஆஸ்பத்திரி லேப்பில் கிருமி வளர்த்து மருந்து பார்க்கிறவள். 'பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், முழுத் தவணையும் சாப்பிடுங்கள்' என்று லேப் வாசலில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் அவள் கையெழுத்து. வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் படிப்பு செருப்போடு வாசலில் நின்றுவிடும்.

லேப்பில் வேலை எளிதுதான். தட்டு முழுக்கக் கிருமியைத் தடவி, மேலே மருந்து தோய்த்த சின்னச் சின்னத் தாள்களை வைத்து, சூட்டுப் பெட்டியில் வைப்பார்கள். மறுநாள் பார்த்தால் வேலை செய்கிற மருந்தைச் சுற்றி வெறும் வட்டம் விழுந்திருக்கும். அங்கே கிருமி செத்துவிட்டது என்று அர்த்தம். வேலை செய்யாத மருந்தின் ஓரம் வரைக்கும் கிருமி ஏறி வந்து நிற்கும்.

நாலு மாதத்துக்கு முன்னால், யாருக்கும் தெரியாமல், மேஸ்திரியின் காதுச் சீழைப் பஞ்சுக்குச்சியில் எடுத்துப் போய் ஒரு பொய் நம்பர் போட்டு வளர்த்துப் பார்த்தாள். மறுநாள் மூடியைத் திறந்ததும் பழுத்த திராட்சை வாசனை வந்தது. அந்தக் கிருமிக்கு அப்படி ஒரு வாசனை உண்டு. பச்சை நிறத்தில் தட்டு முழுக்க வளர்ந்திருந்தது. பன்னிரண்டு தாளில் பதினொன்றுக்கு வட்டமே இல்லை. கடைசித் தாளைச் சுற்றி மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு வெளி. 'அடேங்கப்பா மேஸ்திரி' என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத் தட்டை அழிக்கப் போட்டாள். அந்த வாரம் காது தானாகவே காய்ந்துபோனது. அவளும் மறந்துபோனாள்.

போன வெள்ளிக்கிழமை காலையில் இருபத்துமூன்று தட்டு பார்க்க வேண்டியிருந்தது. ஒன்பதாவது தட்டின் மூடியைத் திறந்ததும் திராட்சை. பன்னிரண்டு தாள், பதினொன்றுக்கு வட்டமில்லை, கடைசித் தாளுக்கு நகக்கண் அளவு. ஒரு நிமிடம், யாரோ பழைய தட்டைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தாள். தட்டைக் கவிழ்த்து நம்பரைப் பார்த்தாள். அப்பாவின் கால்.

அந்தக் கடைசி மருந்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். அவருடைய சிறுநீரகம் தாங்கவில்லை. நாயிடமிருந்து அப்பாவுக்கு வந்ததா, அப்பாவிடமிருந்து நாய்க்குப் போனதா, தட்டு சொல்லாது. யார் கையால் வளர்ந்தது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்னும் ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குத் தம்பி அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டான். அன்று காலைதான் வெளியூரிலிருந்து வந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, ஒண்ணு யோசிச்சேன். மேஸ்திரிய நான் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு?"

"அம்மாவால இனிமே முடியாது. நீயும் வேலைக்குப் போயிடுற. அங்க பாப்பா இருக்கா, இப்பதான் தவழறா, நாய்னா உயிரு. வீடியோல மேஸ்திரியப் பாத்தாலே கையத் தட்டுறா. அப்பா நெனப்பா எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கட்டுமே."

அவளுக்கு மூச்சு இலேசானது. அதை அவளே கவனித்தாள். நாய் போய்விடும். அம்மாவின் காலடியில் படுக்காது. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். டப்பாவை எடுத்துக் குப்பையில் போட்டுவிடலாம். தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும், கழுத்தில் கட்டிய கல் கழன்றுவிடும்.

தவழ்கிற குழந்தை எதையும் வாயில்தான் வைத்துப் பார்க்கும்.

"வேண்டாம்டா," என்றாள்.

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். பாப்பா பக்கமே அது போகக் கூடாது."

"என்னக்கா ஆச்சு உனக்கு? காலைலேர்ந்து அதக் கட்டிக் கட்டிப் போடுற. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது ஒண்ணும் பண்ணல. நீ போயிட்டு வா. வந்ததும் சொல்றேன். அம்மாகிட்ட மொதல்ல சொல்லணும்."

வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

தூக்குகிற நேரத்தில் கூடம் அலறியது. அப்பாவிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள், அவர்கள்தான் தோள் கொடுத்தார்கள். வண்டி ஓட்டுகிறவரும் அவரிடம் படித்தவராம். "சார் உள்ள இருக்காரு, கிளட்ச்ச விட்டா திட்டுவாரு," என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதார்.

அம்மா வாசல்வரை வந்தாள், படி இறங்கவில்லை. "நான் வரல, என்னால நடக்க முடியல," என்றாள். எல்லாருக்கும் புரிந்தது. அத்தை அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வண்டியில் ஏறினாள். அம்மாவுக்குத் துணைக்கு மகள் மட்டும் இருந்துகொண்டாள். தெரு முனையில் வண்டி திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, மேஸ்திரியைத் தேடிப்பிடித்து நான்காவது தடவையாகக் குழாயில் கட்டினாள். இந்தத் தடவை இரட்டை முடிச்சு. கை கழுவினாள். நகத்துக்குள் பிரஷ் போட்டுத் தேய்த்தாள்.

வீடு ஒரேயடியாக அமைதியாக இருந்தது. வாடிய மாலைகளை மூட்டையாகக் கட்டி வெளியே வைத்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். மாலைகள் போன பிறகும் கூடத்தில் ஒரு இனிப்பு வாசனை மிச்சமிருந்தது. பூ வாசனைதான் என்று சொல்லிக்கொண்டாள். மூலைக்கு மூலை மோந்து பார்த்தாள். கால்மாட்டுப் பக்கம் இல்லை. நாற்காலிகளில் இல்லை. அம்மாவின் அறைப் பக்கம் போகப் போகக் கூடியது.

அம்மா கட்டிலில் காலை நீட்டி, சுவரில் சாய்ந்திருந்தாள். புடவை பாதத்தை மூடியிருந்தது.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"திட்டினாலும் பரவால்ல. முழுசாக் கேளு. மேஸ்திரிக்கு நான் மாத்திரை குடுத்தேன் பாரு, அந்த டப்பாலேர்ந்து..."

"டப்பாவா? அது காலிடி," என்றாள் அம்மா. "நேத்தோட தீந்துபோச்சு."

"யாருக்குக் குடுத்த?"

"நான்தான் போட்டுக்கிட்டேன்." அம்மா கூடத்துப் பக்கம் பார்த்தாள், யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்த மாதிரி. "நீங்க அங்க ஆஸ்பத்திரியில அல்லாடிட்டு இருக்கீங்க. இதப் போய் எப்படிச் சொல்றது? பித்தவெடிப்புதான், கொஞ்சம் ஆழமா வெடிச்சிருக்கு. ரெண்டு நாளா ஊனி நடக்க முடியல. அதான் அவரோட போக முடியாமப் போச்சு எனக்கு. கடைசியாக்கூடப் போக முடியல பாரு."

அப்போதுதான் அம்மா சத்தம் போட்டு அழுதாள். காலையிலிருந்து அழாதவள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அணைத்துக்கொண்டாள். அம்மாவின் உடம்பு சுட்டது.

"காட்டு," என்றாள்.

"ஒண்ணுமில்லடி. நல்லா கவனிச்சுக்கிட்டேன். ராத்திரி பகலா இவன்தான் டூட்டி பாத்தான்."

அம்மா கதவுப் பக்கம் கையை நீட்டினாள். மேஸ்திரி நின்றிருந்தது. கழுத்துக் கயிறு தரையில் கிடந்தது, கடித்த முனை ஈரமாக இருந்தது. அது இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அப்புறம் கட்டிலருகே வந்து, மூக்கால் புடவை ஓரத்தை விலக்கி, நிதானமாகக் குனிந்தது.

எழுந்து தடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மாவின் தோளைச் சுற்றியிருந்த கை வரவில்லை. திராட்சை வாசனை முகத்தில் அடித்தது. அவளுடைய வலது கால் மட்டும் தானாக நகர்ந்து, குதிகாலை ஊன்றி, வெறும் தரையை அழுத்தியது. இன்னும் அழுத்தியது.