பாயோடு ஒட்டிய பேனாட்

நிலக்ஷிக்கு நாடகத்தில் வேஷம் கிடைத்துவிட்டது. கனடாவில் மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து தேவாலயப் பங்கின் நத்தார்ப் பண்டிகைக் கலைவிழாவைக் கதிரையில் இருந்தே பார்த்தவளுக்கு இந்த முறை மேடை. போனைக் காதில் வைத்தபடியே சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகுதான் என்ன வேஷம் என்று கேட்டாள். சுற்றின கால் நின்றுவிட்டது.

“மட்டக்களப்பு மந்திரக்காரி,” என்றார் பேனாட். “உமக்கெண்டே எழுதின மாதிரி. வேற ஆர் செய்யிறது?”

பேனாட் யாழ்ப்பாணத்தார், நிலக்ஷி மட்டக்களப்பு. நாடகம் எழுதுவதும் அவரே, கதாநாயகனும் அவரே. மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று ஒரு பழங்கதை உண்டே, அதை வருடாவருடம் தூசி தட்டி எடுப்பார். காணி பார்க்கப் போன யாழ்ப்பாணத்து மனிதர் பாயில் உட்காருவார். ஒருத்தி மந்திரம் சொல்வாள். மனிதரால் எழும்ப முடியாது. புனித அந்தோனியாரைக் கூப்பிட்டதும் பாய் விட்டுவிடும், அவர் விழுந்தடித்து ஓடுவார். மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அந்த நேரம் பார்த்து, பின்வரிசை மட்டக்களப்பு ஆண்கள் ஒவ்வொருவராக எழும்பிக் காரில் பனி துடைக்கப் போய்விடுவார்கள். அதில் முதல் ஆள் நிலக்ஷியின் கணவன் மதிசுதன். பனியே கொட்டாத வருடத்திலும் கார் துடைத்த மனுஷன் அவன்.

“நீ நடி. நான் வேணாமெண்டு சொல்ல மாட்டன்,” என்றான் அவன். “ஆனா அந்த நேரம் நான் வெளியில நிப்பன்.”

நிலக்ஷிக்கு மேடையும் வேண்டும், அவன் கதிரையில் இருக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட அவளுக்கு மனமில்லை.

அவளுடைய வேலை பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களுக்கு சப்டைட்டில் போடுவது. அவற்றில் ஒரு வேல்ஸ்காரன் கதவைத் திறந்தால் போதும், முகத்தில் நிலக்கரி, வாயில் கோயில் பாட்டு, முதுகுக்குப் பின்னால் மழை. யாராவது ஒருவன் கட்டாயம் அவனுடைய ஆடு சுகமா என்று நக்கலாகக் கேட்பான். வேல்ஸில் எவரும் அத்தனை தடவை சொல்லாத ஒரு சொல்லை வசனத்துக்கு வசனம் வாலாகக் கட்டிவிட்டிருப்பார்கள். நிலக்ஷியும் சிரித்தவள்தான், பொய் சொல்வானேன். பேனாட்டின் வசனத்தை வாசித்தபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. வரிக்கு வரி ‘மறுகா’ என்று எழுதியிருந்தார். பிறகு என்பதற்கு அவர் பேந்து என்பார், அவள் ஊரில் மறுகா என்பார்கள், உண்மைதான். அதற்காக மூச்சுக்கு மூச்சா?

அலுவலகத்தில் பக்கத்து மேசைக் கெரத் வேல்ஸ்காரன். இதையெல்லாம் பார்க்க உனக்குக் கோபம் வராதா என்று அவனிடமே கேட்டாள்.

“வரும். ஆனால் இந்த ஆளைப் பார்,” என்று ஒரு பழைய காட்சித் துண்டைப் போட்டுக் காட்டினான்.

லண்டன்காரன் ஒருவன் ஆட்டுப் பகிடியை விடுகிறான். வேல்ஸ் நடிகர் பதில் சொல்லவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்தார். பிஸ்கட் தட்டை அவன் பக்கம் தள்ளினார். பிறகு பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு எழும்பியது, ஆனால் அது லண்டன்காரன் தலையில் போய் விழுந்தது. நிலக்ஷி அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க மெட்ரோவில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனாள். எதிரில் இருந்தவர் எழும்பி வேறு இடம் பார்த்து இருந்தார்.

விழா நாள் வந்தது. அஹுன்ட்சிக் பகுதி மண்டபம் நிரம்பி வழிந்தது. வெளியில் பனி நன்றாகவே கொட்டியது, மதிசுதனுக்கு இந்த முறை சாட்டுத் தேடும் வேலையும் இல்லை. காலையிலிருந்து திரை கட்டி, விளக்குக் கட்டி, ஒரு வாய் சாப்பிடாமல் ஓடித்திரிந்த பேனாட் மேடைக்கு வந்து பாயில் உட்கார்ந்தார். நிலக்ஷி வந்தாள். வாழையிலையை விரித்தாள். விடியவே எழும்பி அவித்த புட்டு, மீன் குழம்பு, அவளே உறைய வைத்த தயிர், அதன்மேல் தேன்போல இனிப்புப் பாணி. எல்லாம் நிஜச் சாப்பாடு. வாசம் முன்வரிசை வரைக்கும் போனது.

“மந்திரம்,” என்று பேனாட் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். “மந்திரத்தைச் சொல்லும்.”

நிலக்ஷி வாய் திறக்கவில்லை. இலையை அவர் பக்கம் தள்ளினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மண்டபத்தில் முதல் சிரிப்பு மெல்லக் கேட்டது.

“அதெல்லாம் மறுகா பார்ப்பம், அண்ணன்,” என்றாள் ஆறுதலாக. “முதல்ல சாப்பிடுங்க.”

மேடை மரியாதைக்கு ஒரு வாய் வைத்தார் பேனாட். அடுத்த வாய் மரியாதைக்கு இல்லை. பசித்த மனுஷன், கை தானாகப் போனது.

“கதவு திறந்துதான் கிடக்கு,” என்றாள் நிலக்ஷி. “ஆரும் பிடிச்சு வைக்கயில்ல. எழும்பிப் போங்க.”

பேனாட் கதவைப் பார்த்தார். தயிரைப் பார்த்தார். மண்டபம் குலுங்கத் தொடங்கியது. முன்வரிசையில் இருந்த மன்னார்த் திரேசம்மாவுக்கு அடக்க முடியவில்லை.

“பேனாட், அந்தோனியாரைக் கூப்பிடன் பாப்பம்,” என்று உரக்கச் சொன்னார்.

“கொஞ்சம் பொறுங்கோணை,” என்றார் பேனாட் வாய் நிறையப் புட்டோடு. “அவர் வந்தா அவருக்கும் பங்கு குடுக்கவேணும்.”

அதோடு எல்லாம் முடிந்தது. ஓடவேண்டிய கதாநாயகன் ஓடவில்லை, இரண்டாம் தரம் தயிர் கேட்டார். ஆட்கள் கதிரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். திரை விழுந்த பிறகும் பேனாட் பாயில்தான் இருந்தார்.

“என்ரை நாடகத்தைக் கவிட்டுப் போட்டீர்,” என்றார் இலையை வழித்தபடி. முகத்தில் கோபத்தைக் காணவில்லை. “பேந்து கதைப்பம். குழம்பு இன்னும் கிடக்கே?”

நிலக்ஷி பதில் சொல்ல நிற்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு ஓடினாள். அவளுக்கு வேண்டியது கைதட்டல் அல்ல, பின்வரிசை. அங்கே ஒரு கதிரையும் காலியாக இல்லை. மதிசுதன் கையுறையைப் போட்டு, மடியில் பனித் தூரிகையை வைத்தபடி, கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு இருந்தான். தொப்பிகூடத் தலையில் இருந்தது.

“கார் துடைக்கப் போகயில்லையா?” என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

“நான் எப்படிப் போற?” என்றான். “நீதானே ஒட்ட வச்சிற்றாய்.”