தள்ளுபடியில் வாங்கிய இருட்டு

யாராவது ஒரு பொருளைச் சொன்ன விலைக்கே வாங்கி வந்தால் அக்காவுக்கு வயிறு எரியும். அடுத்தவர் பணமாக இருந்தாலும் சரி. வீட்டில் எல்லாருக்கும் அவள் அக்காதான். தம்பி கூப்பிடுவதைக் கேட்டு அவன் மனைவியும் அக்கா என்றாள். கீழ்வீட்டுக்காரர்களும் அப்படியே பழகிவிட்டார்கள். தம்பி மகள் மட்டும் அத்தை என்பாள். அந்தப் பெண் ஒருநாள் விளையாட்டாக ‘ஆஃபர் அத்தை’ என்று சொல்லப்போக, அது சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. ஈயத் தகடு வைத்த கனத்த கதவு, ஜன்னலே இல்லாத அறை. காலையில் உள்ளே போய்விட்டால் வெளியே வெயிலா மழையா என்பதை வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று சொல்லிச் சொல்லி அவளுடைய சாதாரணப் பேச்சிலேயே ஒரு அதட்டல் ஏறியிருந்தது. ஆள் வராத இடைவெளிகளில் கைப்பேசியை எடுத்து விலை பார்ப்பாள்.

அது லேசுப்பட்ட காரியமில்லை. பாதி விலை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், போன வாரம்தான் அந்த விலையை ஏற்றியிருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பொருளைக் கூடையில் போட்டுவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருப்பாள். கடைக்காரனே பொறுக்க முடியாமல் விலையை இறக்கி வந்து நிற்பான். திட்டி எழுதியவர்களின் கருத்தைத்தான் முதலில் படிப்பாள். எந்த வங்கி அட்டைக்கு எங்கே கழிவு, பழைய போனைக் கொடுத்தால் எவன் கூடக் கொடுப்பான், எல்லாம் விரல் நுனியில். ஓடிடி சந்தாவும் அவள் பெயரில்தான். வருஷத்துக்கு ஒருமுறை சரியான நேரம் பார்த்துக் கட்டிவிடுவாள். அந்த ஒரே கணக்கில் தம்பி குடும்பம், தம்பியின் மாமனார், சித்தி மகள் என்று எல்லாரும் படம் பார்த்தார்கள்.

அப்பா அம்மா போனபிறகு அக்காவும் தம்பியும் ஒரே வாடகை வீட்டில் இருந்தார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆனதும் தனியாகப் போகிறேன் என்றாள். தம்பிதான் விடவில்லை. குழந்தை வந்தபிறகு இடம் போதவில்லை. அவள் கட்டில் ஹாலில் ஒரு தடுப்புக்குப் பின்னால் போனது. பக்கத்தில் ஃப்ரிட்ஜ். அது உறுமி அடங்கும்போதெல்லாம் விழிப்பு வரும். அதற்காக அவள் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

தம்பி சொந்தமாக வீடு வாங்கினான். கட்டடம் வெறும் தூணும் தளமுமாக நின்ற சமயம் எல்லாரையும் கூட்டிப்போய்க் காட்டினான். செங்கல் தூசியில் நடந்து மூலையில் ஓர் அறைக்குள் போய், சுவரில் விட்டிருந்த பெரிய ஓட்டையைக் காட்டி, “இது உன் ரூம்க்கா. ஜன்னலைப் பாரு, நாள் பூரா வெளிச்சம்” என்றான். வெளியே ஒரு பள்ளிக்கூட மைதானம் தெரிந்தது. அக்கா அந்த ஓட்டை வழியே வந்த வெயிலில் கையை நீட்டிப் பார்த்தாள். யாரும் கவனிப்பதற்குள் எடுத்துக்கொண்டாள்.

வீடு முடியும் தறுவாயில் தம்பிக்குப் புது ஆசை வந்தது. வீட்டுக்குள்ளேயே சின்னதாக ஒரு தியேட்டர் வைக்க வேண்டும். ப்ரொஜெக்டர், திரை, சுற்றிலும் ஸ்பீக்கர் எல்லாம் அக்காதான் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றான். அவளுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. படம் விழ எவ்வளவு தூரம் இருக்கிறது என்று கேட்டாள். பதினொன்றுக்குப் பத்தடி என்று அளவு அனுப்பினான். ஹாலில் ஒரு பாதியைத் தடுக்கப்போகிறார்கள் போல என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அவனிடம் அப்படிச் சொல்லவும் செய்தாள். அவன் திருத்தவில்லை, ம் என்றான்.

அவ்வளவு குறுகிய இடத்துக்குச் சாதாரண ப்ரொஜெக்டர் ஆகாது. சுவருக்குப் பக்கத்தில் வைத்தாலும் பெரிதாகப் படம் காட்டும் வகை வேண்டும்; அது ஆனைவிலை. அக்கா விடவில்லை. பெட்டி பிரித்துப் பார்த்துவிட்டு யாரோ திருப்பி அனுப்பிய ஒன்று, கீறல்கூட இல்லாமல், முழு வாரன்டியோடு ஒரு தளத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தாள். விற்கிறவனோடு பேசிப் பேசி அவனைச் சலிப்படையவைத்து, மாட்டும் கூலியையும் அவன் தலையில் கட்டினாள். ஸ்பீக்கர்களைப் பிறகு பிடித்தாள். தம்பி மனைவி ஒருநாள், வெளிச்சம் துளிகூட வராத கனமான திரைச்சீலை வேண்டும் என்றாள். அதையும் தேடி, இரண்டு வாங்கினால் ஒன்றுக்குப் பாதி விலை என்ற கணக்கில் கறுப்பு நிறத்தில் எடுத்துக் கொடுத்தாள். தம்பி அன்றன்றைக்கே பணம் அனுப்பிவிடுவான். காசு விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது.

எல்லாம் மாட்டும் நாளில் தம்பிக்கும் மனைவிக்கும் அலுவலகம். அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு சாவியோடு போனாள். துளைபோடும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்த ஆளிடம் ஹாலைக் காட்டி, இந்தப் பக்கமாக மாட்டுங்கள் என்றாள். அவர் தன் போனைப் பார்த்தார்.

“சார் அனுப்பின போட்டோல இந்த எடம் இல்லையே மேடம். மூலை ரூம்னு சொன்னாரு.”

அவரே முன்னால் நடந்தார். அக்கா பின்னால் போனாள். அந்த அறைதான். சுவரெல்லாம் ஏற்கெனவே கருஞ்சாம்பல் நிறத்தில் பூசப்பட்டிருந்தது. ஓட்டை இருந்த இடத்தில் நல்ல கண்ணாடி ஜன்னல். கீழே மைதானத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தப்பாக எதையோ புரிந்துகொண்டோம் என்று அவள் வீட்டை ஒருமுறை சுற்றி வந்தாள். ஓர் அறை தம்பிக்கும் மனைவிக்கும். ஒன்று மகளுக்கு, சுவரில் அவள் கேட்ட ஊதா. வேறு அறை இல்லை.

“மொதல்ல கர்ட்டனை மாட்டிடவா மேடம்? இருட்டானாத்தான் படம் எங்க விழுதுன்னு தெரியும்.”

“மாட்டுங்க.”

அவர் கம்பியைப் பொருத்தித் துணியை இழுத்து மூடினார். மைதானம் போயிற்று. அவள் கை எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. நல்ல துணி, எங்கே வாங்கினீர்கள் என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்டார். பழக்கதோஷம்; எந்தத் தளம், எப்போது வாங்கினால் மலிவு என்று அக்கா விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வாடகை வீட்டு வாசலில் தம்பி செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள். சண்டையாகக் கேட்கவில்லை.

“என் ரூம் எதுடா?”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே நின்றாள். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன், சமயம் வாய்க்கவில்லை என்று ஆரம்பித்தான் தம்பி. பெண் வளர்ந்துவிட்டாள், அவளுக்குத் தனி அறை இல்லாமல் முடியாது. நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவனுக்கு ஒரு ஆசை இருக்கக்கூடாதா. தியேட்டரில் மடக்குக் கட்டில் சோபா ஒன்று போடப்போகிறார்கள். அக்கா எப்போது வேண்டுமானாலும் வந்து தங்கலாம்.

வந்து தங்கலாம். அக்காவுக்கு அந்த ‘வந்து’வே போதுமாயிருந்தது.

“அளவு கேட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே.”

“உன் மனசு கஷ்டப்படும்னுதான்க்கா.” அவன் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. பிறகு ஒரு வழி கிடைத்துவிட்டதுபோல் அது தெளிந்தது. “உனக்குன்னு சின்னதா ஒரு வீடு ஆன்லைன்ல பாரேன். உன் கைராசிக்கு நல்ல விலைக்கே அமையும்.”

கேலியாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் மனசாரச் சொன்னான்.

மறுநாள் எக்ஸ்ரே அறையில் ஆளில்லாத நேரம் அவள் தன் கணக்கைத் திறந்தாள். வாங்கியதெல்லாம் அவள் பெயரில்தான் இருந்தது. திருப்பி அனுப்பும் கெடுவும் இன்னும் முடியவில்லை. பொத்தானைத் தொட்டாள். காரணம் கேட்டது. உடைந்திருக்கிறது, வேறு பொருள் வந்திருக்கிறது, இனித் தேவையில்லை. விரல் அங்கேயே நின்றது. இந்த விலைக்கு இது இனி ஜென்மத்துக்கும் கிடைக்காது என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. வெளியே யாரோ கைமுறிந்த குழந்தையோடு நின்றார்கள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

குடிபோகும் முன்பே புது வீட்டில் தம்பி நண்பர்களையும் மாமனார் வீட்டாரையும் கூப்பிட்டுப் படம் போடுவதாக ஏற்பாடு. அக்கா, டூட்டியை மாற்ற முடியவில்லை என்று சொல்லிவிட்டாள். அவளாகக் கேட்டு வாங்கிய டூட்டி அது. எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றிய நேரத்தில் ஓடிடி கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாத் திரையிலிருந்தும் அதைத் துண்டித்தாள். போன் அடிக்கும், தம்பி கெஞ்சுவான், என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் கோத்து வைத்திருந்தாள். முதலில் எடுக்கக் கூடாது. இரண்டாம் முறை எடுத்து, மறந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

போன் அடிக்கவே இல்லை. சத்தம் அணைந்திருக்கிறதோ என்று எடுத்துப் பார்த்தாள். அணையவில்லை.

அடுத்த நாள் தம்பி மகளிடம் சும்மா கேட்பதுபோல், படம் நன்றாக ஓடியதா என்றாள்.

“நடுவுல நின்னுடுச்சு அத்தை. அப்பா உடனே தன் பேர்ல புதுசா ஒரு சந்தா போட்டுட்டார், எல்லாத்துலயும் பெரிய ப்ளான். ஒரு நிமிஷம்கூட ஆகல. அத்தையைக் கேக்கலாம்னு நான் சொன்னேன். அம்மாதான் வேணாம்னாங்க. அத்தைக்குப் பொழுது போகட்டும்னுதான் இத்தனை நாளும் அவங்ககிட்ட விட்டோம், இனி நாமளே பாத்துக்கலாம்னாங்க.”

அந்தப் பெண் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டுத் தலை வாரிக்கொள்ளப் போனாள். அக்காவுக்கு அறை போனதுகூட ஒருவிதத்தில் விளங்கிற்று. இதுதான் விளங்கவில்லை. எத்தனை வருஷமாக ராஜகாரியம்போல் காத்திருந்து, மல்லுக்கட்டி, வாங்கிக் கொடுத்ததெல்லாம் அவர்கள் அவளுக்குக் கொடுத்த விளையாட்டுச் சாமான்.

அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோவதற்கு முன்பே அவள் கிளம்பிவிட்டாள்; இரு என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், உடன் வேலை செய்கிறவள் சொன்ன ஒரு மாடி அறை. தம்பி வந்து கட்டிலையும் பெட்டிகளையும் தானே சுமந்தான். மாடிப்படியில் ஒருமுறை உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் பார்த்தாள். எல்லாம் ஏற்றி முடித்தபின் வாசலில் தயங்கி நின்றான். ஏதோ பேசப்போகிறான் என்று அவளும் காத்திருந்தாள்.

“அக்கா, அந்த ப்ரொஜெக்டர் வாரன்டி உன் பேர்லதானே இருக்கு? ரிப்பேர்னா நீதானே கூப்பிடணும்?”

“ஆமா.”

“கூப்பிடுவேல்ல?”

“கூப்பிடறேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பிறகு ஒரு கல்யாண வீட்டில் சித்தி மகள் அவளைப் பிடித்துக்கொண்டாள். நல்லா இருந்த குடும்பத்தை விட்டுவிட்டு ஏன் தனியாகப் போனாய் என்று கடிந்துகொண்டாள். தம்பி அவ்வளவு சொல்லியும் நீ கேட்கவில்லையாமே, தனியாக இருந்தால்தான் நிம்மதி என்றாயாமே, பாவம், அவன் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டான் என்றாள். அந்தப் பக்கம் தம்பி யாருக்கோ நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அக்கா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஆமா, நான்தான் கேட்கல” என்றாள்.