இன்னொரு விமானத்தின் எண்

இங்கிலாந்தில் மிச்சமிருக்கிற கான்பெரா குண்டுவீச்சு விமானங்களில் எது எங்கே நிற்கிறது, எதன் மூக்கு மட்டும் எவன் வீட்டுத் தோட்டத்தில் கிடக்கிறது, எது காயலான் கடையில் வாலில்லாமல் மழையில் நனைகிறது என்று நார்மன் ஸ்கெல்டிங்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். மனைவியின் பிறந்தநாளைக் கேட்டால்தான் முழிப்பார். அவள் விட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவரும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து காப்பாற்றிய கான்பெரா, லிங்கன்ஷயரில் விமானப்படை எப்போதோ காலிசெய்துவிட்டுப் போன தளத்தில் நின்றது. விமானம் நிறுத்தும் ஹேங்கரின் ஒரு பாதியில் விவசாயி ஒருவன் உருளைக்கிழங்கு அடுக்கியிருந்தான், மறு பாதி இவர்களுக்கு. வேல்ஸ் கடற்கரையோரம் புல் முளைத்துப்போய்க் கிடந்ததை நார்மன்தான் தேடிக் கண்டுபிடித்தார். இறக்கையைக் கழற்றி, லாரியில் ஏற்றிவந்து, ஒன்பது வருஷம் ஞாயிறு தவறாமல் துருவைச் சுரண்டி, தகடு மாற்றி, ரிவெட் ஆணி அடித்து, ஒரு வழியாக அதற்கு விமானம் என்று சொல்லக்கூடிய உருவம் வந்தது.

ஆனால் அந்த விமானத்துக்குக் கதை கிடையாது. வாலில் நீளக் கயிறு கட்டி, அதன் நுனியில் துணிக்குறியை இழுத்துக்கொண்டு பறக்கும், கடற்படைக்காரர்கள் அந்தத் துணியைச் சுட்டுப் பழகுவார்கள். அதோடு சரி. ஒரு சண்டையில்லை, ஒரு சாவில்லை. அப்படிப்பட்டதைப் பார்க்க டிக்கெட் வாங்கி யார் வருவார்கள்? இந்தத் தொழிலில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பிழைத்துக் கிடக்கிற விமானத்தின் எண்ணை அழித்துவிட்டு, அழிந்துபோன விமானம் ஒன்றின் எண்ணை எழுதிவிடுவார்கள். நாடு முழுக்க இதுதான் நடைமுறை. பழைய விமானங்களின் பின்னால் அலைகிற யாரும் வாலில் எழுதியிருப்பதை நம்புவதில்லை, குனிந்து உள்ளே நிஜ எண்ணோடு அடித்திருக்கும் சின்னத் தகட்டைத்தான் பார்ப்பார்கள்.

நார்மன் தேர்ந்தெடுத்த எண், ஐம்பத்தேழாம் வருஷம் வடகடலுக்கு மேல் பயிற்சிக்குப் போய்த் திரும்பாத ஒரு கான்பெராவினுடையது. உடைந்த தகடுகூடக் கிடைக்கவில்லை. அதில் போன மூன்று பேரை யாருமே நினைக்கவில்லையே என்ற வருத்தம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. அவரே ஏணி போட்டு ஏறி, விமானி அறைக்குக் கீழே மூன்று பெயர்களையும் வெள்ளை எழுத்தில் எழுதினார். மூன்றாவது பெயர், வழிகாட்டி அதிகாரி கீத் டன்னார்ட்.

அந்த வசந்தத்தில் உள்ளூர்ப் பத்திரிகையில் அந்தப் பெயர்கள் தெரிய விமானத்தின் படம் வந்தது. அடுத்த ஞாயிறே ஒரு பெண்மணி வந்தாள். அறுபதை நெருங்கும் வயது, மழைக்கோட்டு, கையில் கிழித்தெடுத்த பத்திரிகைத் துண்டு. பெயர் ஹேசல் டன்னார்ட், கீத்தின் தங்கை. அண்ணன் போனபோது அவளுக்குப் பதினோரு வயது. அண்ணன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்று கேட்டாள். நார்மனுக்குப் பெருமை பிடிபடவில்லை. கைகொடுத்து ஏற்றி, விமானிக்குப் பின்னால் இருக்கிற அந்த இருட்டுப் பொந்தில் அவளை உட்கார வைத்தார். வெகு நேரம் கழித்து இறங்கிவந்தவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அவனக் கண்டுபிடிச்சுக் கொண்டுவந்துட்டீங்க, மிஸ்டர் ஸ்கெல்டிங். கடலுக்கடியில கிடந்ததை இவ்வளவு அழகா பண்ணியிருக்கீங்க. இத்தனை வருஷமா ஒரு துண்டுகூடக் கிடைக்கலன்னு சொல்லிட்டே இருந்தாங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவளுக்குத் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இவர் நினைத்துக்கொண்டிருந்த அந்த வழக்கம் இவளுக்குத் தெரியாது.  சொல்லியிருக்க வேண்டும், அந்த நிமிஷமே. அதை விட்டுவிட்டு, அவளைக் கார்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

அவள் போனபிறகு, இவர்களுடைய விமானச் சங்கத்தை நடத்துகிற க்ளிஃபிடம் போய்ப் புலம்பினார். க்ளிஃப் பிரேக் ஆயில் படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"அட விடுப்பா. அந்தம்மா சந்தோஷமா வீட்டுக்குப் போயிருக்கு. நீ பின்னாலேயே ஓடிப்போய், இல்லம்மா, இது துணி இழுத்த வண்டின்னு சொல்லப் போறியா? உம் பொண்டாட்டிகிட்ட காட்டாத யோக்கியத்தையெல்லாம் இங்க வந்துதான் காட்டணுமா?"

நார்மன் விட்டுவிட்டார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்கள் கோழைத்தனத்தால் செய்கிற அநியாயத்துக்குத் தனியாக ஒரு பெயர் வைக்க வேண்டும், நம்மிடம் இன்னும் இல்லை.

ஹேசல் ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தாள். உலர்பழம் போட்ட ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுப்பாள். க்ளிஃப் வாய் நிறையத் தின்றுகொண்டு, கண்ணு, நீ வந்தபிறகுதான் இந்தக் குளிர் ஹேங்கரில் மனுஷன் இருக்க முடிகிறது என்பான். பிறகு அவள் மேலே ஏறி, அண்ணன் இருக்கையில் உட்கார்ந்துகொள்வாள். உள்ளே மெதுவாகப் பேசுகிற சத்தம் கேட்கும். நார்மன் தன் பங்கு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிடுவார். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். அடுத்த வாரம் அவள் இன்னும் கொஞ்சம் முகம் தெளிந்து வருவாள், சொல்வது இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிவிடும். இதில் இன்னொன்றும் இருந்தது, அதை அவர் க்ளிஃபிடம்கூடச் சொல்லவில்லை. யாரோ ஒருத்தி தன்னைப் பார்த்ததும் முகம் மலர்வது அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

நவம்பரில், போரில் இறந்தவர்களை நினைக்கிற ஞாயிறு வந்தது. சட்டையில் சிவப்புக் காகிதப்பூ குத்திக்கொண்டு ஹேசல் தேவாலயத்திலிருந்து நேராக வந்தாள். அன்றைக்கு ரொட்டி இல்லை. தோளில் ஒரு துணிப்பை. கொஞ்ச நேரம் தனியாக இருக்கட்டுமா என்று கேட்டாள். தாராளமாக என்றார் நார்மன். இறக்கைக்கடியில் நின்று, இன்றைக்கு அவள் இறங்கியதும் சொல்லிவிடுவது என்று சத்தியம் பண்ணிக்கொண்டார்.

இறங்கி வந்தவள் கையில் ஒரு பழுப்பு மரப்பெட்டி இருந்தது. மூடி திறந்திருந்தது. கண்ணீரோடு சிரித்தாள்.

"அம்மாவை அவன்கிட்ட விட்டுட்டேன். அலமாரிக்குள்ளேயே இவ்வளவு காலம் வெச்சிருந்தேன். அவன் என்னைக்குக் கிடைக்கிறானோ அன்னைக்கு அவன் பக்கத்துல போடு, அதுவரைக்கும் என்னை மண்ணுல போடாதேன்னு சொல்லிட்டுச் செத்தாங்க. சாம்பலை சீட்டுக்குக் கீழ கொட்டிட்டேன். நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கன்னு தெரியும்."

நார்மன் சொன்னார். எப்படி ஆரம்பித்தார், எப்படி முடித்தார் என்று அவருக்கே பிறகு ஞாபகமில்லை. வழக்கம் என்ற சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். உங்கள் அண்ணனின் விமானம் கடலில்தான் இருக்கிறது, இது வேறு, இதில் யாரும் சாகவில்லை என்றார். ஹேசல் குறுக்கே பேசாமல் கேட்டாள். கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"நான் உள்ள உக்காந்து அவன்கிட்டப் பேசிட்டு இருந்தப்பவும்?"

 அவள் பெட்டியை நீட்டினாள்.

"எங்கம்மாவை எடுத்துக் குடுங்க."

சொல்வது சுலபம். இருக்கைக்கடியில் தரைத்தகடு பொருந்துகிற இடமெல்லாம் விரல் நுழைகிற இடைவெளி. கையில் அள்ளக் கிடைத்தது ஒரு பிடிதான், மிச்சமெல்லாம் தகடுக்குக் கீழே விமானத்தின் வயிற்றுக்குள் இறங்கியிருந்தது. நார்மன் டிரில்லை எடுத்தார். இருக்கையைக் கழற்றிவிட்டு, இரண்டு குளிர்காலம் மண்டிபோட்டுத் தன் கையால் அடித்த ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தார். க்ளிஃப் வந்து எட்டிப் பார்த்தான். ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தவன் ஹேசலைப் பார்த்து மூடிக்கொண்டு, விளக்கைப் பிடித்தான். 

தகடு வந்தது. கீழே சாம்பல் மட்டும் இல்லை. அலுமினியச் சுருள், எலிப் புழுக்கை, காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு, வேல்ஸ் கடற்கரை மணல், எல்லாவற்றோடும் அந்தத் தாய் கலந்துபோயிருந்தாள். நார்மன் பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டி, தூசிமுறத்தில் அள்ளினார். எது அவள், எது அழுக்கு என்று பிரிக்க வழியில்லை. பிரஷ் நுனியால் பிரிக்க முயன்றார். கடைசியில் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடினார்.

ஹேசல் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"வரும்போது இவ்வளவு கனமா இல்ல," என்றாள்.

அவர் மன்னிப்புக் கேட்டார். அது அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. வாசல்வரை போனவள் நின்று, திரும்பி, விமானி அறைக்குக் கீழே எழுதியிருந்ததைப் பார்த்தாள்.

"அவன் பேரை அழிச்சுடுங்க. நான் இருக்கும்போதே அழிங்க. அவன் இங்க இல்ல."

நார்மன் ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெயின்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து, மூன்றாவது பெயரைத் தேய்த்தார். நல்ல பெயின்ட், நின்று உழைக்கட்டும் என்று அவரே பார்த்து வாங்கியது, லேசில் போகவில்லை. கீத் போய் டன்னார்ட் போகும்வரை ஹேசல் பெட்டியை மார்போடு அணைத்தபடி கீழே நின்றாள். பிறகு காரில் ஏறிப் போனாள். அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை.

அன்றைக்கு அவள் கார் போனபிறகும் நார்மன் ஏணியை விட்டு இறங்கவில்லை. மேலே இன்னும் இரண்டு பெயர்கள் இருந்தன. அவர்களுக்கும் எங்கேயாவது ஒரு தங்கையோ மகளோ இருப்பாள், பத்திரிகையைக் கிழித்து வைத்திருப்பாள். க்ளிஃப் கீழிருந்து, போதும் இறங்கப்பா, இருட்டுது என்றான். நார்மன் துணியை மறுபடி நனைத்துக்கொண்டு இரண்டாவது பெயரைத் தேய்க்க ஆரம்பித்தார்.