அழைப்பே வராத நிலையம்

மாநகராட்சியின் நிதி அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர் கத்திரி. அது தன் காதுக்கு வந்த அன்று அவள் கோபப்படவில்லை. உள்ளூர மகிழ்ந்தாள் என்றே சொல்ல வேண்டும். டயர் தொழிற்சாலை மூடி இரண்டு வருடமாகியிருந்தது. அதை நம்பியிருந்த கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. வரி வசூல் பாதியாகிவிட்டது, மேலிடத்திலிருந்து வரவேண்டிய மானியமோ எப்போது கேட்டாலும் பரிசீலனையில் இருந்தது. நடுவில் ஒரு மேம்பாலம் பாதி கட்டிய நிலையில் அந்தரத்தில் நின்றது. அதை நிறுத்தினால் கடன் கொடுத்த வங்கி கழுத்தைப் பிடிக்கும். தொடர்ந்தால் ஊரில் வேறு எதையாவது நிறுத்த வேண்டும். எதை என்று சொல்வதுதான் அவள் வேலை. நூலகத்தை வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்தாள், பூங்காக்களைப் பூட்டினாள், பள்ளிக்கூடங்களுக்கு வெள்ளையடிப்பதை ஒழித்தாள். இப்போது தீயணைப்பு நிலையங்களின் முறை. நான்கில் ஒன்று போக வேண்டும்.

மேற்கு நிலையத்தின் அதிகாரி அவளுடைய கணவர். இது ஊரறிந்த விஷயம். கவுன்சிலர்கள் அன்றைய கூட்டத்துக்கு நேரத்தோடு வந்ததே, இவள் புருஷனை எப்படிக் காப்பாற்றுகிறாள் என்று வேடிக்கை பார்க்கத்தான்.

அவள் காப்பாற்றவில்லை. ஒவ்வொரு நிலையத்தின் ஆண்டுச் செலவையும் அந்த ஆண்டில் வந்த தீ அழைப்புகளால் வகுத்து, ஒரு அழைப்புக்கு எவ்வளவு ஆகிறது என்று திரையில் காட்டினாள். வடக்குக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்பு, தெற்குக்கு நூற்றுத் தொண்ணூறு, கிழக்குக்கு நூற்று அறுபத்து நான்கு. மேற்குக்கு ஒன்பது.

"ஒரு தீயை அணைக்க இவ்வளவு செலவா?" என்றார் மேயர். "இந்தக் காசுக்கு எரிஞ்ச வீட்டையே மாடியோட கட்டிக் குடுத்துடலாமே!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அவள் தண்ணீர் குடித்தாள். அவளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மேற்குப் பகுதி முழுக்க மெத்தைப் பட்டறைகள், பஞ்சுக் கிடங்குகள், அவற்றின் மேலேயே குடித்தனங்கள். ஒரு காலத்தில் வாரத்துக்கு இரண்டு இடம் எரியும். அவள் கணவர் பொறுப்பேற்ற பிறகு, பதினோரு வருடமாக அவரும் அவருடைய ஆட்களும் வீடு வீடாக ஏறி இறங்கி, கேஸ் குழாயைச் சோதித்து, வெந்துபோன வயரை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டு, அந்த எண்ணை ஒன்பதுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இதைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். அது அவள் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் புருஷனுக்காகப் பேசுகிறாள் என்பார்கள். விழுங்கிவிட்டாள். நேர்மையானவள் என்ற பெயருக்கு அவள் அவ்வளவு ஆசைப்பட்டாள். அந்த ஆசை பிடித்தவர்களுக்கு இருக்கும் கல்நெஞ்சு திருடர்களுக்குக்கூட இருக்காது.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அவள் படம். வீட்டில் கணவர் அதை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்னைப் பத்தி என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பேசட்டுமே. உண்மைதானே?"

அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

நிலையத்தை மூடினார்கள். வண்டி, மேம்பாலத்தின் புதுக் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் அடிக்கப் போனது. ஆட்களைத் தற்காலிக ஊழியர்களாக்கித் தெற்கு நிலையத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் மூத்தவர் வண்டி ஓட்டிய டிரைவர், இவள் கணவரோடு பதினோரு வருடமும் கூடவே இருந்தவர். கணவருக்குத் தலைமை அலுவலகத்தில் ஒரு மேசையும், கட்டட அனுமதிக் காகிதங்களில் குத்த ஒரு முத்திரையும் கிடைத்தன.

அதற்குப் பிறகு அவர் தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து நடக்கப் போனார். சர்க்கரை கூடியிருக்கும், நல்லதுதான் என்று அவள் விட்டுவிட்டாள். ஆனால் நடந்துவிட்டு வருகிற மனுஷனின் முழங்கால் ஏன் அழுக்காக இருக்கிறது, கையில் ஏன் சோப்பு வாசனை அடிக்கிறது? ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். மேற்குப் பகுதியில், ஒரு மெத்தைப் பட்டறையின் வாசல் ஓரத்தில், அவர் குந்தி உட்கார்ந்து சிலிண்டர் குழாயில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரி பக்கத்தில் நின்று திட்டினாள்.

"ஸ்டேஷனையே இழுத்து மூடியாச்சு. உங்களுக்கு வேற வேலையே கிடையாதா ஆபீசர்?"

"இந்தக் குழாய்ல வெடிப்பு விட்டிருக்கு பாருங்க. புதுசு நான் கொண்டு வந்திருக்கேன். காசு வேண்டாம்."

காரில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கண் கலங்கியது. இந்த ஆளைக் கட்டிக்கொண்டதற்காக அவள் அவ்வளவு பெருமைப்பட்டது கல்யாணமான புதிதில்கூட இல்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

வருட முடிவில் மேற்குப் பகுதியின் அழைப்பு ஆறு.

"பார்த்தீங்களா! மூடினப்புறம் இன்னும் குறைஞ்சிருக்கு!" என்று மேயர் மேசையைத் தட்டினார். அந்த வாரம்தான் வங்கி வட்டியை ஏற்றியிருந்தது. வங்கியிலிருந்து வந்தவர் மென்மையாகக் கேட்டார், இதே மாதிரி இன்னொன்றை மூடினால் என்ன என்று. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இந்த முறை அவள் சும்மா இருந்துவிடவும் இல்லை. 'மேற்குப் பகுதியின் அனுபவம் காட்டுவது யாதெனில்' என்று தொடங்கி, நிலையத்துக்கும் தீக்கும் பெரிய தொடர்பு இல்லை என்று நான்கு பக்கம் தன் கைப்படவே எழுதிக் கொடுத்தாள். தெற்கு நிலையத்தை மூடத் தீர்மானம் ஆயிற்று. தற்காலிக ஊழியர்கள் இருபத்திரண்டு பேருக்கு வேலை இல்லை.

செய்தி தெரிந்த அன்று சாயங்காலமே டிரைவர் இவர்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மகள் நர்சிங் இரண்டாம் வருடம், இன்னும் இரண்டு வருடம் தள்ளினால் போதும் என்றார். கணவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் காலையில எங்க போறேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஆறு மாசமா."

"மேயர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

அவர் மனைவியை யாரோ வேற்று மனுஷியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அப்ப நாளையிலேருந்து நான் போகல. எரியட்டும். நாலு இடம் எரிஞ்சாத்தான் உங்க கணக்கு என்னன்னு ஊருக்குப் புரியும்."

"எத்தனை பேரு?" என்றாள் அவள்.

"என்ன எத்தனை பேரு?"

"எத்தனை பேரு செத்தா இவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும்னு நினைக்கிறீங்க? பட்டறைக்காரி ஒருத்தி போதுமா? மேல ரெண்டு குழந்தைங்க இருக்கே, அதுங்களும் வேணுமா? சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

டிரைவர் தரையைப் பார்த்தார். அவள் கணவரைப் பார்த்தாள்.

"நீங்க போவீங்க. போகாம இருக்க உங்களால முடியாது. அதை நம்பித்தான் நான் பட்ஜெட்டே போட்டிருக்கேன்" என்றாள். கொஞ்சங்கூடக் குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் காலை ஐந்தரை ஆயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை. ஐந்தே முக்காலுக்குக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு. அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று அவள் பயந்தது வாழ்க்கையிலேயே அப்போதுதான். எழுந்து, தப்பு என்னுடையதுதான், இன்றைக்கே மேயரிடம் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தேவிட்டாள். அதற்குள் அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். வாசல் கேட் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவள் புரண்டு படுத்து, இன்னும் ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்கினாள்.

பதினொரு மணிக்குள் இருபத்திரண்டு கடிதங்களிலும் கையெழுத்துப் போட்டு முடித்தாள். டிரைவர்தான் முதலில் வந்தார். கடிதத்தைப் பிரித்துப் படிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"சார் காலையில போனாரா மேடம்?"

"போனாரு."

டிரைவர் நீளமாக மூச்சு விட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அப்பாடா. அவர் போகணுமேன்னு விடிய விடிய வேண்டிக்கிட்டே இருந்தேன் மேடம். எங்க வீடு நீங்க சொன்ன அந்தப் பட்டறைக்கு மேல்மாடிதான்."

பெற்றுக்கொண்டதற்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவள் விரலை வைத்துக் காட்டினாள். அவர் போட்டார்.