கடைசி ஐந்து நிமிடத்துப் பூ

டெரிக் வெள்ளிக்கிழமைதான் வருவான் என்று இருந்தோம். புதன் மதியம் இரண்டு மணிக்குக் குடிமறுவாழ்வு இல்லத்திலிருந்து போன். இன்றைக்கே அனுப்புகிறார்களாம், மூன்றரைக்கெல்லாம் வீட்டு வாசலில் விட்டுவிடுவார்களாம். தொண்ணூறு நாள் ஒரு சொட்டுத் தொடாத பிள்ளை வருகிறான், இங்கே கராஜில் அவன் அப்பா பீர் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்! "இதுதான் கடைசி, நாளைக்கு அண்டாவை வித்துடறேன்" என்று சத்தியம் செய்திருந்தார் ரோலண்ட். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பையே எட்டி உதைத்திருப்பேன்.

"அணைச்சுத் தொலை."

"இது இன்னும் பீரே ஆகலை மார்ஸி. வெறும் இனிப்புத் தண்ணி."

"அது அவன் மூக்குக்குத் தெரியுமா?"

கசப்புக்கான ஹாப்ஸ் பூவைக் கொதி வந்ததுமே போட்டிருந்தார். வாசனைக்கான பூ தனியே கிண்ணத்தில் காத்திருந்தது. அண்டாவை இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் அதைப் போடவேண்டும். கசக்கிப் போடுவது எப்போதும் டெரிக்கின் வேலை.

"இப்பவே போட்டா?"

"வாசனையெல்லாம் ஆவியோட போயிடும். கசப்புதான் மிஞ்சும். ஏன் கேக்கறே?"

கிண்ணத்தை எடுத்து, இரண்டு கையாலும் அள்ளி, நசுக்கி நசுக்கிக் கொதியில் போட்டேன்.

"பைத்தியமா உனக்கு! இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு!"

"அதுக்குத்தான். அவன் வர்றதுக்குள்ள வாசனை போயிடணும்."

ஆரஞ்சுத்தோலும் பைன் மரமுமாகக் குப்பென்று எழுந்தது வாசனை. எங்கள் துலூத் ஊரின் ஜனவரிக் குளிரில் கராஜ் கதவை முழுக்கத் திறந்துவிட்டு கால்மிதியால் விசிறினேன். உள்ளே போவதும் வெளியே வருவதும் முகர்வதுமாக மோப்ப நாய் மாதிரி அலைந்தேன். மூன்றேகாலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ரோலண்ட் அடுப்பை அணைத்து, அண்டாவைத் தார்ப்பாயால் மூடினார்.

டெரிக் பையோடு வந்து நின்றான். கழுத்து மெலிந்திருந்தது. கராஜைச் சுற்றிப் பார்த்தான்.

"வாசனையே இல்லையே. காய்ச்சறதை விட்டுட்டியாப்பா?"

"விட்டாச்சுடா," என்றார் ரோலண்ட், தரையைப் பார்த்து.

ஓடிப்போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினேன். அவன் அப்படியே நின்றுவிட்டான். அப்புறம்தான் பார்த்தேன், என் விரலிடுக்கெல்லாம் ஹாப்ஸ் பூவின் மஞ்சள் பிசின். கராஜ் வாசனையையெல்லாம் விசிறித் துரத்தியவள் கையைக் கழுவவில்லை.

கையை வெடுக்கென்று இழுத்தேன். டெரிக் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கண்ணை மூடி என் உள்ளங்கையை மூக்கோடு அழுத்திக்கொண்டான்.

"ஒரு நிமிஷம்மா."

திறந்திருந்த கதவு வழியே பனி உள்ளே விழுந்தது. இழுத்த மூச்சை அவன் இன்னும் விடவில்லை.