லாரியில் இல்லாதவர்

செய்தி வாசிக்கிற அம்மாவின் புடவைகளைப் பற்றி எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. எந்தப் புடவையை எந்தக் கிழமை கட்டினாள், ரவிக்கைக் கை எதுவரைக்கும் இறங்கியிருந்தது, காதில் தொங்கட்டானா தோடா, எல்லாம் அத்துப்படி. பஞ்சாயத்து டிவி கறுப்பு வெள்ளை என்பதால் கலர் மட்டும் தெரியாது. அதற்கும் வாதம் உண்டு. அரக்கு என்பாள் தைலம்மாள், மயில் கழுத்துப் பச்சை என்பாள் செல்லியம்மாள், அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்றுவிடும். ஆனால் அந்த அம்மா என்ன செய்தி வாசித்தாள் என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது. அவள் குரலைக்கூட நாங்கள் கேட்டதில்லை.

எப்படிக் கேட்கும்? டிவி இருக்கிற பஞ்சாயத்து ரேடியோ ரூமுக்குள் ஆண்கள் உட்கார்ந்துகொள்வார்கள். மில்லிலிருந்து கரும்பு வெட்டு ஆர்டர் எப்போது வரும், ரிஷிவந்தியம் பஸ் ஏன் வரவில்லை, எல்லா வழக்கையும் டிவிக்கு முன்னால்தான் பேசித் தீர்ப்பார்கள். நாங்கள் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். உள்ளே வராதே என்று ஒருவரும் சொன்னதில்லை. வந்து உட்கார் என்று நகர்ந்து இடம் விட்டதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை படத்தில் கதாநாயகன் வாயை அசைப்பான், பாட்டை நாங்கள் வெளியே நின்று பாடிக்கொள்வோம். டிவி என்றால் எங்களுக்கு அதுதான். மற்றவளுகளுக்கு அதுவே போதுமாக இருந்தது, எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இடஒதுக்கீடு மறியல் நடந்த வருஷம் அது. ஒரு வாரம் மரத்தை வெட்டிப் போட்டு ரோட்டை மறிப்பது என்று முடிவானதும், ஊரில் நடக்க முடிந்த ஆண்பிள்ளை எல்லாம் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் கிளம்பினார். கரும்புக் கட்டு தூக்குகிறவர் அவர். வருஷக்கணக்கில் லாரிக்கும் வண்டிக்கும் தூக்கித் தூக்கி இடது தோள் ஒரு பக்கமாய் இறங்கிப் போயிருக்கும்.

"நம்ம பையன் நாளைக்கி எங்கள மாதிரி கட்டு தூக்கணுமா தங்கமணி? ஒரே வாரம். வந்துடறேன்" என்றார்.

நான் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வேளைக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன்.

பிறகு பஸ் நின்றது, தபால் நின்றது. எங்கேயோ துப்பாக்கிச் சூடாம், ஆள் போயிட்டாங்களாம் என்று ஒரு பேச்சு மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. எந்த ஊர், யார் என்று சொல்ல ஆளில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலம் ரேடியோ ரூம் வழியாகப் போகிறேன், கதவில் பூட்டு தொங்குகிறது. டிவி போடுகிற பாவாடையும் மறியலுக்குப் போயிருந்தான், சாவி அவன் அரைஞாண் கயிற்றில் இருந்தது. செய்தி வாசிக்கிற அம்மா இந்நேரம் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருப்பாள், நாங்கள் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நேராக வீட்டுக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பாவாடையின் பெண்சாதி தைலம்மாள் குறுக்கே விழுந்தாள். "அடிப் பாவி, இன்னாடி பண்ற? பஞ்சாயத்து பூட்டுடி அது! ஒடச்சா கேசு ஆயிடும்!"

"ஆவட்டும். கேசு போட வர்றவனையாவது ஆம்பளைங்க எங்கன்னு கேட்டுக்கலாம்."

நாலு போடு போட்டதில் பூட்டு வாயைப் பிளந்தது. அதற்குள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். வாசலில் கொஞ்சம் தயங்கினார்கள். நான் போய் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அப்புறம் ஒரே தள்ளுமுள்ளுதான்.

டிவியைப் போடத்தான் எவளுக்கும் தெரியவில்லை. ஒரு திருகைத் திருகினால் காது கிழிகிற இரைச்சல், இன்னொன்றைத் திருகினால் புழுங்கலரிசி கொட்டுகிற மாதிரி புள்ளி புள்ளியாய். செல்லியம்மாளின் மகள் கலையரசி ஏணி வைத்து மேலே ஏறி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துச்சா?"

"வர்லடி! கல்ராயன் மலைப் பக்கம் இன்னாத்துக்குத் திருப்பற? கெழக்கால திருப்பு!"

"இப்ப?"

"தல தெரியுது! அப்டியே நில்லு, அசையாத!"

தலை தெரிந்தது, அப்புறம் கழுத்துச் சங்கிலி, அப்புறம் குரல். எல்லோருக்கும் திக்கென்றது. இத்தனை காலமும் குயில் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தோம், அது நல்ல கட்டைக் குரல்.

"ஐயே, இதுக்கா இந்த அலங்காரம்?" என்றாள் தைலம்மாள்.

"வாய மூடு. இன்னா சொல்லுதுன்னு கேளு" என்று அதட்டினேன்.

வடக்கே யாரோ மந்திரி எதையோ திறந்துவைத்தார். அப்புறம் எங்கள் மாவட்டத்தின் பெயர் வந்தது. மரங்களை வெட்டிப் போட்டதால் போக்குவரத்து பாதிப்பு, மறியல் செய்தவர்கள் கைது. அவ்வளவுதான் வாசித்தாள். கூடவே ஒரு லாரியைக் காட்டினார்கள். லாரி நிறைய ஆண்கள், நின்றுகொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கையை உயர்த்திக் கத்திக்கொண்டு. கண்ணை மூடித் திறப்பதற்குள் லாரி போய்விட்டது, மழை நிலவரம் வந்துவிட்டது.

"அதோ எங்க வூட்டுக்காரரு!" என்று தைலம்மாள் எழுந்து குதித்தாள். "ஓரத்துல நின்னுக்கினு இருந்தாரு, பாத்தீங்களா?"

"எங்க வூட்டு ஆளும்தான்! சிரிச்சிக்கினு இல்ல நின்னாரு!" என்றாள் செல்லியம்மாள். அவள் புருஷன் பச்சமுத்து. ஒவ்வொருத்தியும் பார்த்துவிட்டாள். ஒருத்தி தம்பியைப் பார்த்தாள், ஒருத்தி மாமனாரைப் பார்த்தாள். ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். ஜெயில்தானே, சோறு போடுவான், விட்டுவிடுவான் என்று மூக்கைச் சிந்திப் போட்டார்கள். மேலேயிருந்து கலையரசி, "எங்கப்பன நானும் பாக்கணும், மறுபடி காட்டச் சொல்லு" என்று கத்தினாள்.

நான் தோள்களைத்தான் பார்த்தேன். லாரியில் அத்தனை தோளும் நேராக இருந்தது.

"நான் பாக்கல" என்றேன்.

"பச்சமுத்துக்குப் பின்னால நின்னாரே! உனுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா போச்சி?" என்றாள் தைலம்மாள்.

"அவரு இல்ல."

"அல்லாரும் ஒண்ணாத்தான போனாங்க? எங்க ஆளு இருக்கும்போது உன் ஆளு மட்டும் எங்க போயிருப்பாரு? இருந்தாருன்னு சொல்லிட்டுப் போயேண்டி, இன்னா கொறஞ்சி போயிடும்?"

எனக்கு அங்கேதான் ஆத்திரம் வந்தது. பார்க்காததைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தால் எனக்கும் அன்றைக்குத் தூக்கம் வந்திருக்கும், அது வேறு. அதற்குள் பாட்டு நிகழ்ச்சி போட்டுவிட்டார்கள். முதல்முறையாகச் சத்தத்தோடு பாட்டு. நாயகியின் இடுப்பு பெருத்துவிட்டது, நாயகன் வைத்திருப்பது டோப்பா முடி என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. நான் குழவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

விடிந்ததும் பையனைச் செல்லியம்மாளிடம் விட்டேன். "டிவியிலயே காட்டிட்டான், இவ நடந்து போயி தேடறாளாம்" என்று என் காதில் விழும்படிதான் சொன்னாள். அவர்கள் மூங்கில்துறைப்பட்டு ரோட்டுப் பக்கம் போனது தெரியும், அந்தப் பக்கமே நடந்தேன்.

ரோடு ரோடாக இல்லை. புளிய மரங்கள் குறுக்கே குறுக்கே படுத்துக் கிடந்தன. சிலதில் ஏறிக் குதித்தேன், சிலதில் அடியில் புகுந்தேன், சேலை கிழிந்தது. ஒவ்வொரு மரத்தண்டையும் ஆள் இருந்தால் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மதியத்துக்கு மேல் ஒரு பெரிய மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கரும்பு வண்டி நின்றிருந்தது. மில்லுக்குப் போக வழியில்லாமல் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் செல்லமுத்து உலகத்தையே திட்டிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"இடது தோளு எறங்கின ஆளு யாரையாவது பாத்தீங்களாண்ணா?"

"தோள நான் இன்னாத்தக் கண்டேன்மா. மொத நாளு இந்த மரம் சாயும்போது கெள ஒண்ணு முறிஞ்சி ஒருத்தரு மேல வுழுந்துச்சி. அந்த நேரம் பாத்து போலீசு ஜீப்பு வந்துச்சி. அல்லாரும் செதறி ஓடிட்டாங்க. அடிபட்ட ஆளு காலை இழுத்துக்கினு அதோ அந்தக் கொல்லையில பூந்ததப் பாத்தேன். அவங்க ஆளுங்க வந்து தூக்கிக்கினு போயிருப்பாங்கன்னு இருந்துட்டேன்."

கொல்லை என்றால் முற்றிய கரும்பு, தலைக்கு மேல் நிற்கிறது. உள்ளே புகுந்தேன். கரும்பின் சோகை இலை கையையும் முகத்தையும் கிழித்தது. "என்னங்க! என்னங்க!" என்று கத்திக்கொண்டே போனேன். பதில் இல்லை. தொண்டை கட்டிப்போயிற்று. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கம் பெண்கள் சொல்வதில்லை. கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவளைத்தான் சொல்லச் சொல்வோம். கலியாணம் ஆனதிலிருந்து என் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை.

"தெய்வசிகாமணி!" என்று கத்தினேன். "யோவ் தெய்வசிகாமணி!"

"இங்க..." என்று ஒரு குரல் வந்தது.

மோட்டார் கொட்டகையின் பின்புறம் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே கால் வீங்கிக் கறுத்திருந்தது, உடம்பு கொதித்தது. வாய்க்காலில் தேங்கிய தண்ணீரைக் குடித்து, கரும்பைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். சிதறி ஓடினவர்களில் இந்தப் பக்கம் ஓடினவர்கள் அவர் அந்தக் கூட்டத்தோடு போனார் என்றும், அந்தப் பக்கம் ஓடினவர்கள் இந்தக் கூட்டத்தோடு இருக்கிறார் என்றும் நினைத்துவிட்டார்கள்.

"எம்மா நேரமா கத்தறேன், காது கேக்கலியா?" என்று அழுதுகொண்டே திட்டினேன்.

"என்னங்கன்னு கேட்டுச்சி. எவ வூட்டுக்காரியோ எவனையோ கூப்பிடறான்னு இருந்தேன். அல்லாரும் அப்படித்தான கூப்பிடறீங்க?"

ஓடிப்போய்ச் செல்லமுத்துவைக் கூட்டிவந்தேன். அவர் வண்டிக் கரும்பைத் தள்ளிவிட்டு, வரப்போரம் வரப்போரமாகவே ஓட்டி மூங்கில்துறைப்பட்டில் டாக்டர் வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். டாக்டர் காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் காலை எடுத்திருந்தாலும் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்றார். ரோடு திறந்ததும் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

அங்கேதான் பச்சமுத்துவும் பாவாடையும் பார்க்க வந்தார்கள், தாடியும் அழுக்குமாய். அவர்களை யாரும் பிடிக்கவே இல்லை. ஜீப்பைப் பார்த்து ஓடின ஓட்டத்தில் கல்வராயன் மலை அடிவாரத்துக்குப் போய், பாவாடையின் மச்சான் வீட்டில் களி தின்றுகொண்டு இருந்திருக்கிறார்கள். எங்கள் ஊர் ஆள் ஒருவர்கூட எந்த லாரியிலும் ஏறவில்லை. தைலம்மாள் இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை. "நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன், அந்த மனுசன் பொய் சொல்லுது" என்பாள்.

பச்சமுத்து போகும்போது, "எங்களையெல்லாம் டிவியில காட்டினாங்களாம், ஊரே பேசுது" என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவர்கள் தலை மறைந்ததும் இவர் முகத்தில் ஒரு ஆசை.

"என்னையும் காட்டினாங்களா?" என்று கேட்டார்.

"காட்டல."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பச்சமுத்து பொண்டாட்டிகூடப் பாத்திருக்கா. நீ நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேங்க. இருந்தீங்கன்னு சொல்லிட்டிருந்தா, நானும் அவளுங்ககூட பாட்டு பாத்துக்கினு ஒக்காந்திருப்பேன்."

அவர் கட்டுப் போட்ட தன் காலைப் பார்த்தார். அப்புறம் வார்டில் அத்தனை பேர் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.