புல்லாங்குழல் கடைக்குக் குடிவந்தவள்

ஒரே ஒரு தேனீ குடிவந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால் பின்பக்கத் தோட்டத்தைச் சிமெண்ட் போட்டு மூடி, டிரைவர் தன் காரை அங்கே நிறுத்திக்கொள்வார். இது டிரைவருக்கும் அவர் பெண்டாட்டி தையல்காரிக்கும் நடந்த ஒப்பந்தம்.

தையல்காரி சும்மா இருக்கவில்லை. பூச்செடி வைத்தாள், மருந்தடிப்பதை நிறுத்தினாள், தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தாள். தண்ணீருக்குத் தவளை வந்தது, பூவுக்கு வண்ணத்துப்பூச்சி வந்தது. தேனீ குடியிருக்கட்டும் என்று ஜன்னலடியில் கட்டித் தொங்கவிட்ட மூங்கில் குழாய்களைத்தான் ஒரு ஈ காக்கா கூட எட்டிப் பார்க்கவில்லை. டிரைவர் அதற்குப் "புல்லாங்குழல் கடை" என்று பெயரே வைத்துவிட்டார். அந்த மனுஷனின் வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

ஞாயிறு காலை சிமெண்ட் போட வந்த கொத்தனார் மணலைக் கொட்டிவிட்டார். போதாக்குறைக்கு ரோஜா இலைகளின் ஓரமெல்லாம் காணோம்.

"உன் விருந்தாளிங்க சாப்பிட்ட லட்சணத்தைப் பாரு," என்றார் டிரைவர்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆத்திரத்தில் பழைய பூச்சிமருந்தைத் தேடி எடுத்தாள். அடிப்பதற்காக ஒரு இலையைத் தூக்கிப் பிடித்தவள் அப்படியே நின்றாள். இருபது வருஷம் துணி வெட்டிய கண் அது. புழு தின்றிருந்தால் பிசிறு இருக்கும். இதில் பிசிறே இல்லை. சட்டைப் பொத்தான் ஒன்றை வெட்டுப்பட்ட வளைவில் வைத்துப் பார்த்தாள். அடுத்த இலையிலும் வைத்தாள். எல்லாம் ஒரே அளவு.

"என்னங்க! இது கடிச்சதில்ல, கட்டிங்!"

"காலங்காத்தால உளறாத."

அவர் வாய் மூடவில்லை, அதற்குள் ஒரு தேனீ வந்து இலையோரத்தில் உட்கார்ந்தது. வளைவாக ஒரு சுற்று வெட்டி, துண்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பறந்தது. தையல்காரி மருந்தைக் கீழே போட்டுவிட்டு, கழுத்தில் அளவு டேப் ஆட, மணல் குவியலில் ஒரு செருப்பை விட்டுவிட்டு, பின்னாலேயே ஓடினாள். தேனீ நேராகப் புல்லாங்குழல் கடைக்குள் நுழைந்தது. பக்கத்தில் இரண்டு குழாய்களின் வாய் ஏற்கெனவே பச்சை இலைத் துண்டுகளால் அடைபட்டிருந்தது.

"குடிவந்துட்டா! ஐயோ, வந்துட்டாங்க!"

"தேனீன்னா தேன் எங்க? இது ஏதோ குளவி," என்றார் டிரைவர், குரல் கொஞ்சம் இறங்கி.

"வயித்தைப் பாருங்க!" இன்னொன்று வயிறெல்லாம் மஞ்சள் மகரந்தத்தை அப்பிக்கொண்டு வந்து நுழைந்தது. "குளவி மகரந்தம் சுமக்குமா? இது கூட்டமாத் தேன் சேர்க்காது, தனியா வாழற தேனீ. செடி வாங்கின நர்சரிக்காரர் சொன்னாரே, இலையை வெட்டிப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டும்னு! நான்தான் மறந்து தொலைச்சேன். மருந்து அடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்!"

டிரைவர் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒருத்தர் வீடு கட்டிட்டு இருக்கும்போது இன்னொரு கொத்தனார் உள்ள புகுந்து கை வைக்கக் கூடாது சார். எங்க தொழில்ல அது தப்பு."

டிரைவர் குனிந்து குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போன தேனீயின் பின்பக்கம் முதலில் வெளியே வந்தது. சட்டென்று அவர் இரண்டு கையையும் விரித்துக் கொத்தனாரைப் பின்னால் தள்ளினார்.

"ஒதுங்குங்க, ஒதுங்குங்க! அவ ரிவர்ஸ் எடுக்கறா!"